பற்றாசு சுமக்கும் பாரம்

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டி அமைந்த பகுதி. வாழையிலையும் பூச்சரமும் காப்பித்தூளும் கிடைக்கும் அவ்விடத்தைத் தமிழர்கள் தலைமுறைகளாகத் தம் ஊராகவே கொண்டுள்ளனர். அங்கே ஒரு சிற்றுணவகத்தின் சமையற்கட்டை எண்ணிப் பார்க்கலாம். கீழே மாவரைக்கும் கிரைண்டர். இடமின்மையால் அதன் தலைக்கு மேலேயே சுவர்ப்பலகையில் இன்வர்ட்டர். ஓரிரு ஆண்டுகளில் இன்வர்ட்டர் நின்றுவிடுகிறது. பெட்டியைத் திறந்த பழுதுபார்ப்பவர், பெரிய மின்தேக்கியின் காலடியில் வளையமாக ஓடிய விரிசலைக் காட்டி, 'டிரை சால்டர்' என்று சொல்லி மறுபடியும் ஈயம் வைக்கிறார். சில மாதங்களில் அதே கால் மீண்டும் விடுகிறது. 'வேலை சரியில்லை' என்ற பழி அவர் கைக்கு வருகிறது.

அந்தப் பழி நியாயமானதன்று. பற்றாசின் பணி மின்தொடர்பை அளிப்பது. ஓரளவு பிடிமானமும் தரும் என்பது உண்மையே. ஆயினும் அது மென்மையான உலோகக் கலவை. ஒருமுறை இழுத்தால் அறாத பற்றாசு, சிறு விசையில் பலகோடி முறை அசைக்கப்படும்போது சோர்வுற்று விரிசல் காண்கிறது. நிமிடத்திற்கு 1440 சுற்றுச் சுழலும் மோட்டார், நொடிக்கு 24 அதிர்வுகளைத் தருகிறது. ஒரு மணி நேரத்தில் அது 86,400. நாளொன்றுக்கு ஒரு மணி நேரமே மாவரைத்தாலும் ஆண்டுக்கு மூன்று கோடிக்கு மேல்.

எடை மிகுந்த உறுப்பு இங்கே இருவகையில் தீங்கு செய்கிறது. தன் கால்களை நேரடியாக வளைக்கிறது. தான் அமர்ந்த மின்சுற்றுப் பலகையின் அதிர்வு முறையையும் மாற்றிவிடுகிறது. இரண்டாவது செய்தியை விளங்கிக்கொள்ள இதே நகரத்தின் பழைய ஆய்வொன்று துணைநிற்கும். 1907-இல் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா வந்த சி. வி. இராமன், ஓய்வு நேரத்தில் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் இசைக்கருவிகளின் அதிர்வுகளை ஆராய்ந்தார். மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே பூசப்படும் கரணை, தோலின் மேற்சுரங்களை முழுவெண் விகிதத்திற்குக் கொணர்கிறது என்பதைச் சிவகாளி குமாருடன் இணைந்து 1920-இல் 'நேச்சர்' இதழில் விளக்கினார். அதிரும் பரப்பின் நடுவே வைக்கும் எடை அதன் அதிர்வெண்களை மாற்றும் என்பதே அதன் அடிப்படை. மிருதங்கத்தில் அது கலை. விளிம்புகளில் மட்டும் திருகப்பட்ட மின்சுற்றுப் பலகையின் நடுவே மின்மாற்றியை வைத்தால், அதே இயற்பியல் கேடாகிறது. பலகையின் இயல்பு அதிர்வெண் தாழ்ந்து, சுற்றியுள்ள எந்திரங்களின் அதிர்வெண்ணை நெருங்குகிறது; ஒத்ததிர்வு தோன்றுகிறது.

முடுக்கம் ஒன்றேயாயின், பலகையின் அசைவு அதிர்வெண்ணின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் அமையும். புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவில் 50 ஹெர்ட்ஸில் அசைவு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், 100 ஹெர்ட்ஸில் 0.025 மில்லிமீட்டர். எனவே பலகையை விறைப்பாக்கி அதன் இயல்பு அதிர்வெண்ணை உயர்த்துவதே முதல் மருந்து. நடுவில் ஒரு திருகு கூட்டலாம். கனமான உறுப்பைத் திருகின் அருகே நகர்த்தலாம். பெரிய மின்மாற்றியைப் பலகையினின்று நீக்கிப் பெட்டியின் சட்டத்திலேயே பொருத்தலாம்.

பசை அதற்கு அடுத்த நிலையிலேயே வருகிறது. அதிலும் தேர்வு வேண்டும். உலரும்போது புளிக்காடி மணம் வீசும் சிலிக்கோன், செம்பை அரிக்கும். மின்னணுப் பணிக்கு அமிலம் வெளியிடாத வகையே உரியது. சூட்டில் உருக்கி வைக்கும் பசை, பெட்டி சூடேறும்போது இளகிப் பிடி விடும். பழைய கருவிகளில் காணும் மஞ்சள் நிற ரப்பர்ப் பசை, நாளடைவில் பழுப்பேறி மின்கடத்தியாக மாறுவதுண்டு. கொல்கத்தாவின் ஈரக்காற்றில் அது மேலும் அஞ்சத்தக்கது. மின்தேக்கியின் அடிப்பக்கத்தைச் சுற்றி இரண்டு மூன்று இடங்களில் பசை வைத்தால் போதும். உச்சியிலுள்ள அழுத்த வடிகாலை மூடலாகாது. வளையச் சுருளைப் பலகையின் துளைகள் வழியே நாடாவால் கட்டியபின் பசையிடுவது நன்று.

வேலையின் வரிசையும் கருதத்தக்கது. முதலில் திருகு, பிறகே பற்றாசு. ஈயம் வைத்தபின் திருகை இறுக்கினால், கருவி இயங்கத் தொடங்குமுன்பே பற்றாசில் இறுக்கம் குடியேறிவிடும்.

மின்சுற்று வரைபடத்தில் மின்தேக்கி இரண்டு இணைகோடுகள் மட்டுமே. எடை எங்கும் எழுதப்படுவதில்லை. ஆகவே ஆய்வகத்தில் சோதனை மேசைமீது அசையாமல் வைத்துச் சரிபார்க்கப்பட்ட கருவி, சமையற்கட்டிலும் பேருந்திலும் தோற்கிறது. விண்கலத்திற்கு ஏவுமுன் அதிர்வு மேசையில் சோதனை உண்டு. சிற்றுணவகத்தின் இன்வர்ட்டருக்கு அந்தச் சோதனையை நடத்துவது கீழேயுள்ள கிரைண்டர்தான். அதன் செலவை ஏற்பவர் கடைக்காரர். பழியை ஏற்பவர் பழுதுபார்ப்பவர். வடிவமைப்பைப் பயிலும் மாணவர்கள், பெட்டியை மூடுமுன் ஒவ்வொரு கனமான உறுப்பையும் விரலால் மெல்லத் தள்ளிப் பார்க்கலாம். அசைந்தால் அந்தப் பலகையின் வேலை இன்னும் முடியவில்லை என்று கொள்க.