உத்திர வீதி ஒரு சுற்று

"போனைப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன் மேடம்." ஆலோசனைக்கு வரும் அம்மாக்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். பூட்டியதோடு முடிந்திருந்தால் வந்திருக்கவே மாட்டார்கள். பிள்ளை சாப்பிடுவதில்லை, கத்துகிறது, ட்யூஷனுக்குப் போக மாட்டேன் என்கிறது.

பூட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்றுவிட்டது. அது என்ன ஆகிறதோ, பார்ப்போம். திருச்சியில் வீட்டுப்பாடமே வாட்ஸ்அப்பில் வருகிறது. சாயங்காலத்துக்குள் பீரோவைத் திறந்துதான் ஆகவேண்டும்.

எவ்வளவு நேரம் பார்க்கிறாய் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் பொய்தான் வரும். போனில் எதைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது என்று கேட்பேன். "ப்ளூ டிக் விழுந்துடுச்சு, ரிப்ளை வரல." "என்னைய விட்டுட்டு வேற குரூப் போட்டிருக்காங்க." ஸ்னாப்சாட்டில் ஸ்ட்ரீக் அறுந்துவிடும் என்று காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்த பையனும் உண்டு.

பயம் வந்ததும் போனை எடுத்துப் பார்க்கிறார்கள். ஒரு நொடி நிம்மதி. அந்த நிம்மதிதான் வினை. பார்த்ததால்தான் தப்பித்தோம் என்று மனசு கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பார்க்கச் சொல்கிறது. பயத்துக்கும் பார்ப்பதற்கும் நடுவில் கொஞ்சம் இடம் உண்டாக்குவதுதான் என் வேலை.

போனை சைலன்ட்டில் போட்டு மேசைமேல் கவிழ்த்து வைக்கச் சொல்வேன். பார்க்காவிட்டால் என்ன ஆகிவிடும் என்று நோட்டில் ஒரே வரி எழுதவேண்டும். பக்கத்தில் பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை என்று மார்க். (மார்க் போட நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவே வேண்டாம்.) பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "எல்லாரும் என்னைப் பத்திதான் பேசிட்டு இருப்பாங்க" என்று எழுதி 85 போட்டாள். ஐந்து நிமிடத்தில் அது 90 ஆனது. கை மேசைப் பக்கம் போனது. இழுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் 80. இருபதாவது நிமிடத்தில் 55. அதற்குப் பிறகுதான் போனைத் திருப்பினாள். கெமிஸ்ட்ரி ரெக்கார்டு எப்போது வைக்கணும் என்று ஒருத்தி கேட்டிருந்தாள். கீழே ஒரு பூனை ஸ்டிக்கர். எழுதிய வரிக்கு நேரே நடந்ததை அவளே எழுதினாள். அந்த நேரத்தில் எனக்கு வாய் துறுதுறுக்கும். ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்குத்தான் எனக்குப் பயிற்சி தேவைப்பட்டது.

நிஜமாகவே அவளைப் பற்றிப் பேசியிருந்தால்? அது வேறு வேலை. நாளைக்கு வகுப்பில் யாரிடம் என்ன பேசுவது என்று உட்கார்ந்து யோசிப்போம். படத்தை வைத்து யாராவது மிரட்டினால் இந்தப் பயிற்சியே கிடையாது. நேராக சைபர் குற்றப் புகாருக்கான 1930, இல்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098. சாகவேண்டும் போலிருக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கே மனநல மருத்துவர். நடுராத்திரியானால் 14416, டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம். போனை விடவே முடியாத நிலைக்கென்று பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014-லிருந்தே 'ஷட்' என்று தனி கிளினிக் நடக்கிறது. என்னிடம் வருபவர்களில் அதிகம் பேர் அந்த அளவுக்குப் போனவர்கள் இல்லை.

வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிக்கு ஸ்ரீரங்கம் மாதிரி ஊர் அமையாது. கோயிலின் ஏழு பிராகாரங்களில் வெளியே உள்ளவை குடியிருப்பு வீதிகள். போனை வீட்டில் வைத்துவிட்டு முதலில் உத்திர வீதி ஒரு சுற்று. அது பழகியதும் சித்திரை வீதி. கடைசியில் அடையவளஞ்சான், நிதானமாக நடந்தால் முக்கால் மணி நேரமாவது ஆகும். கிளம்பும்போது ஒரு மார்க், திரும்பியதும் ஒரு மார்க். தில்லைநகர்ப் பிள்ளைகளுக்கு இந்த வசதி இல்லை. அவர்களை மலைக்கோட்டைக்கு அனுப்புவேன்; தாயுமானவர் சந்நிதி வரை ஏறு, அடுத்த வாரம் உச்சிப் பிள்ளையார். மூச்சிரைக்கும் என்று முகம் சுளிப்பார்கள்.

முதல் சுற்றுக்கு எதிர்ப்பு பிள்ளையிடமிருந்து வருவதில்லை. "போனில்லாம அனுப்பச் சொல்றீங்களே மேடம், எங்க இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்பார் அம்மா. லொகேஷன் பார்த்துப் பார்த்தே பழகியவர். அதனால் இப்போதெல்லாம் இரண்டு நோட்டு கொடுக்கிறேன். பிள்ளை வீதி சுற்றிவிட்டு வரும்வரை அம்மா தன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் மார்க்கைப் போடவேண்டும்.