சட்டைப் பையில் ஒரு காவல் நிலையம்

நவம்பர் 4, செவ்வாய்

நவம்பர் பிறந்தால் எங்கள் வங்கிக் கிளையில் உட்கார இடமிருக்காது. மத்திய அரசு ஓய்வூதியர்கள் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கும் மாதம். பொன்மலை என்பதால் பாதிப் பேர் ரயில்வே பணிமனைக்காரர்கள். இன்று அந்தக் கூட்டத்தில் ஒருவர் சர்டிபிகேட்டுக்காக வரவில்லை. எஃப்.டி. எல்லாவற்றையும் உடைத்து, வெளிமாநிலக் கணக்கு ஒன்றுக்கு ஆர்.டி.ஜி.எஸ். போட வேண்டும் என்றார்.

“என்ன சார் இவ்வளவு அவசரம்?”

“இடம் வாங்கறேம்மா.”

சொல்லும்போதே கை சட்டைப் பையைத் தடவியது. உள்ளே செல்போன், திரை எரிந்துகொண்டிருந்தது. செல்லானின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்: ‘யாராவது லைன்ல இருக்காங்களா?’ தலையை மட்டும் அசைத்தார்.

மேனேஜர் போனை வாங்கி அணைத்த பிறகும், “அவங்க கோபப்படுவாங்கம்மா” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 5, புதன்

நேற்று வந்த பெரியவரின் ஆதார் எண்ணில் போன பார்சலில் போதைப்பொருள் இருந்ததாம். அடுத்து சி.பி.ஐ. என்று வீடியோ காலில் ஒரு காக்கிச் சட்டை. ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ செய்திருக்கிறோம், ராத்திரியிலும் கேமராவை அணைக்கக் கூடாது, பெண்டாட்டி பிள்ளையிடம்கூட மூச்சு விடக் கூடாது. பணத்தைச் சரிபார்ப்புக்கு அனுப்பினால் திரும்பி வந்துவிடும்.

“வெவரமானவரு, இப்படியா ஏமாறுவாரு?” என்றார் கேஷியர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பேராசைக்காரர்தான் ஏமாறுவார் என்பது ஷேர் டிப்ஸ் குழுக்களுக்குப் பொருந்தலாம். இது, காலமெல்லாம் மெமோவுக்கு ஒழுங்காகப் பதில் எழுதிய மனிதர்களுக்கு விரித்த வலை. 2024-ல் வர்த்தமான் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலிடமே 7 கோடி ரூபாய் பறித்தார்கள். அவருக்காகப் போலி உச்ச நீதிமன்ற விசாரணையே நடந்தது. அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட்டாக ஒருவர் நடித்தார். போலீஸ் பிறகு 5.25 கோடியை மீட்டது, அது வேறு கதை.

வீடியோவில் கைது செய்ய நம் சட்டத்தில் இடமில்லை. இதைப் பக்கத்து வீட்டுக்காரரே சொல்லியிருப்பார், அவரிடம் பேச விட்டிருந்தால். யாரிடமும் சொல்லாதே என்ற அந்த ஒரு கட்டளையில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. மற்றதெல்லாம் வேஷம்.

நவம்பர் 11, செவ்வாய்

கணக்கை முடக்கிவிட்டீர்கள் என்று ஒரு கல்லூரிப் பையன் சண்டைக்கு வந்தான். விசாரித்தால், பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் எல்லாவற்றையும் கமிஷனுக்காக யாரிடமோ கொடுத்திருக்கிறான். வாடகை வீடு மாதிரி வாடகைக் கணக்கு! பறிகொடுத்த பணம் இப்படிப்பட்ட கணக்குகளுக்குள் புகுந்து, சில நிமிடங்களில் பிரிந்து போய்விடுகிறது. சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே அழையுங்கள் என்று தொண்டை வற்றக் கத்துவது இதனால்தான். புகார் பதிவானதும் அடுத்தடுத்த வங்கிகளுக்குத் தகவல் போய், மிச்சமிருப்பதையாவது நிறுத்தலாம். திங்கட்கிழமை பேங்க் திறக்கட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு நாங்கள் காபிதான் கொடுக்க முடியும்.

அந்தப் பக்கம் பேசுகிறவர்கள் எல்லாரும் திருடர்கள் என்றும் சொல்ல முடியவில்லை. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவடியில் அடைபட்டு, அடி வாங்கிக்கொண்டு மோசடி வேலை செய்த தமிழ்நாட்டுப் பையன்கள் 2022-ல் மீட்கப்பட்டு வந்தார்களே.

நவம்பர் 14, வெள்ளி

புதிய போஸ்டர் வந்தது: ‘ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்.’ ஒட்டினோம். ஆனால் அந்தப் பெரியவரிடம் எவனும் ஓ.டி.பி. கேட்கவே இல்லையே! மூன்றாம் ஆள் புகுந்து எடுத்த பணமென்றால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-ல் விதி செய்தது. தானே கையெழுத்துப் போட்டு அனுப்பியதற்கு அந்த விதி கைகொடுக்காது.

நவம்பர் 16, ஞாயிறு

அம்மாவின் வாட்ஸாப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை. தெரியாத எண், கோப்பின் பெயர் ஏ.பி.கே. என்று முடிந்தது. பத்திரிகை படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வரும், இது போனுக்குள் குடியேறுகிற செயலி என்று சொல்லி அழித்தேன்.

“யாரு பணம் கேட்டாலும் முதல்ல எனக்குப் போன் பண்ணும்மா.”

“உன் குரல்லயே எவனாவது கேட்டா?”

குரலை நகலெடுத்து ஏமாற்றுவதைச் செய்தியில் பார்த்திருக்கிறாள். வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளலாம் என்றேன். ‘முருகா’ வேண்டாம், அதை எல்லாரும் சொல்வார்கள் என்று தள்ளிவிட்டு, வெகுநேரம் யோசித்து அவளே ஒன்றைப் பிடித்தாள். டைரியில் எழுதிவைக்கக் கூடாது என்பதும் அவள் உத்தரவு.