விட்டுப்போனவர்களும் விட்டுவிடாத தேவனும்



நமது பத்திரிகைகளில் வெளிவரும் ஊழியச் சாட்சிகளை நீங்கள் கவனித்திருப்பீர்கள். மூன்று பேரோடு ஆரம்பித்த ஜெபக்கூட்டம் முந்நூறு பேருள்ள சபையாயிற்று என்று ஒருவர் எழுதுவார். ஓலைக்கொட்டகை கான்கிரீட் ஆலயமாயிற்று என்று இன்னொருவர் எழுதுவார். அவை மெய்யான சாட்சிகள், தேவனுக்கே மகிமை. ஆனால் நிறைந்திருந்து குறைந்துபோன சபையைக்குறித்து ஒருவரும் எழுதுவதில்லை. அப்படிப்பட்ட சபைகள் நம்மிடையே இல்லாததினால் அல்ல.

வேதாகமக் கல்லூரிப் படிப்பை முடித்து 1995-ம் ஆண்டு நான் சித்தூருக்கு வந்தேன். சித்தூர் 1911-ல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான சீமை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் இரண்டும் என்று வாழ்கிற ஜனங்கள். ஒரு வாடகைக் கூடத்தில் ஆராதனை நடத்தினோம். நான் தமிழில் பிரசங்கிப்பேன். ஒரு சகோதரர் தெலுங்கில் மொழிபெயர்ப்பார். சில வேளைகளில் அவருடைய மொழிபெயர்ப்பு என் பிரசங்கத்தைவிட நன்றாயிருக்கும். ஏழு வருஷங்களில் அறுபத்துநான்கு பேர் பதிவேட்டில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி ஒன்பது பாய்களை விரிப்பாள்.

அதன்பின் மழை பொய்த்தது. ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. நிலக்கடலை போட்டவனுக்கு விதைச்செலவும் திரும்பவில்லை. ஒரு குடும்பம் பெங்களூருக்குப் போயிற்று. அடுத்த மாதம் அதின் உறவினர் இரண்டு குடும்பங்கள் பின்தொடர்ந்தன. வாலிபர்கள் ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போனார்கள். மொழிபெயர்த்த சகோதரரும் சென்னைக்குப் போய்விட்டார். ஒன்பது பாய்கள் ஆறாகி, நான்காகி, கடைசியில் இரண்டு பாய்கள் போதுமானதாயிற்று. கூடத்தை உடையவர் அதை விற்றபோது எங்களிடம் பதினொரு பேர் இருந்தார்கள். 2009-ல் அந்தச் சபை நின்றுபோயிற்று. மீதியானவர்களைப் பக்கத்துச் சபைகளில் சேர்த்துவிட்டு, நாங்கள் திருப்பதிக்கு வந்தோம். இன்றுவரை அங்கே ஒரு சிறிய கூட்டத்தாரோடு ஊழியம் செய்துவருகிறோம்.

அந்த ஐம்பத்துமூன்று பேர் எங்கே? அவர்கள் பின்வாங்கிப்போனவர்கள் அல்ல. என்னோடு வழக்காடிப் பிரிந்தவர்களும் அல்ல. பட்டணத்தில் பிழைக்க வந்தவர்கள். பிரியமானவர்களே, இந்தப் பத்திரிகையைக் கையில் வைத்திருக்கிற உங்களில் அநேகர் அவர்கள்தான்! உங்களைக் குற்றப்படுத்த இதை எழுதவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு தேடிப் போகிற தகப்பனைத் தடுக்க எந்தப் போதகனுக்கும் அதிகாரமில்லை. பஞ்சகாலத்தில் ஆபிரகாம் எகிப்துக்குப் போனான். எலிமெலேக்கு மோவாபுக்குப் போனான். ஆனால் நீங்கள் ஏறிப்போன பேருந்து மறைந்தபிறகு, சொந்த ஊரில் ஒரு ஊழியக்காரன் எதை விழுங்கிக்கொண்டு நின்றான் என்பது உங்களுக்குத் தெரியவேண்டும்.

அக்காலத்தில் மேலிடத்திலிருந்து வருகிறவர் ஒவ்வொருவரும் கேட்டது ஒரே கேள்வி: எத்தனை பேர்? அந்த எண் வருஷாவருஷம் குறைந்தால் ஊழியக்காரனுடைய ஜெபவாழ்க்கையின்மேல் சந்தேகம் விழும். வெளியே சொல்லமாட்டார்கள், பார்வையில் தெரியும். ஏசாயாவின் புஸ்தகம் நாற்பத்தொன்பதாம் அதிகாரத்தில், தான் பட்ட பிரயாசமெல்லாம் வீணாய்ப்போயிற்றே என்று கர்த்தருடைய தாசன் சொல்லுகிற இடம் உண்டு. கல்லூரியில் அந்தப் பகுதிக்கு நான் நல்ல மதிப்பெண் வாங்கினேன். சித்தூரில்தான் அது எனக்குப் புரிந்தது.

அந்நாட்களில் மூத்த ஊழியர் ஒருவர் என்னைத் தேற்ற நெல்லூரின் சரித்திரத்தைச் சொன்னார். நீங்களும் கேள்விப்பட்டிருக்கலாம். அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரியான சாமுவேல் டே 1840-ல் நெல்லூரில் குடியேறினார். நோயினால் ஒருமுறை தாய்நாடு திரும்பி, 1849-ல் லைமன் ஜூவெட் என்பவரோடு மறுபடியும் வந்தார். சரீரம் இனித் தாங்காது என்று 1853-ல் நிரந்தரமாய்ப் புறப்பட்டார். அவ்வருஷம் அமெரிக்காவில் ஆல்பனி நகரில் கூடிய மிஷன் கூட்டத்தில், பலனற்ற இந்தத் தெலுங்கு ஊழியத்தை மூடிவிடலாமா என்ற கேள்வி எழும்பிற்று. வரைபடத்தில் ஒற்றை நட்சத்திரமாய் இருந்த நெல்லூரைக் காட்டி ஒருவர் பேசினார். அதைக் கேட்ட சாமுவேல் ஸ்மித் என்ற போதகர் அந்த ஒற்றை நட்சத்திரத்தைப்பற்றி அன்றிரவே ஒரு கவிதை எழுதினார். ஊழியம் தப்பிற்று. 1862-ல் மறுபடியும் மூடவேண்டும் என்றார்கள். நீங்கள் அனுப்பாவிட்டாலும் நான் தனியாகத் திரும்பிப்போவேன் என்று ஜூவெட் உறுதியாய் நின்றார். 1865-ல் அவரோடு ஜான் கிளவ் என்ற வாலிபர் வந்து சேர்ந்தார். 1876 முதல் 1878 வரை இருந்த கொடிய பஞ்சத்தில் கிளவ் பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதியை ஒப்பந்தமாய் எடுத்து, பட்டினியாயிருந்தவர்களுக்கு வேலை கொடுத்தார். சோற்றுக்காக வருகிறார்கள் என்ற பேச்சு வரக்கூடாதென்று, பஞ்சம் தீருமட்டும் அவர் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. அதன்பின் 1878 ஜூலை 3-ம் தேதி, ஓங்கோலுக்கு அருகே வெள்ளம்பள்ளியில், குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

மூத்த ஊழியர் இதைச் சொல்லிவிட்டு, தம்பி, உனக்கும் ஒரு ஜூலை 3 வரும் என்றார். அன்பினால் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை என்னைத் தேற்றவில்லை. ஏன் என்று யோசிக்க எனக்குச் சில வருஷங்கள் பிடித்தன.

சாமுவேல் டே 1871-ல் மரித்துப்போனார். ஓங்கோல் பக்கத்தில் வேலை வளருகிறது என்ற செய்தி அவருடைய கடைசி வருஷங்களில் வந்ததுதான். 2,222 பேரை அவர் காணவில்லை. 1854 ஜனவரி முதல் தேதி அதிகாலையில், ஜூவெட்டும் அவர் மனைவியும் மூன்று தெலுங்கு விசுவாசிகளும் ஓங்கோல் மலையின்மேல் ஏறி ஜெபித்தார்களே, அந்த ஐந்து பேருக்கு 1878 தெரியுமா? தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், முந்தின வருஷம் தங்கள் ஊழியம் மூடப்படும் நிலைக்கு வந்தது என்பதே. நாமோ முடிவைத் தெரிந்துகொண்டு, அந்த முடிவினாலே அவர்களுடைய விசுவாசத்திற்கு விலை போடுகிறோம். வெள்ளம்பள்ளி நடவாமலே போயிருந்தால், அந்த மலையின்மேல் ஏறிய ஜெபம் பொய்யாயிருக்குமோ? அப்படியானால் நாம் விசுவாசம் என்று பிரசங்கிப்பது வட்டிக்குப் போட்ட பணம்தான்.

ஜூலை 3 வராத இடங்களும் உண்டு. அதைக் காண நான் வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1865-ல் அகஸ்ட் மைலியுஸ் என்பவரோடு ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் தென் தெலுங்குச் சீமையில் ஊழியத்தைத் தொடங்கிற்று. நாயுடுப்பேட்டை, காளஹஸ்தி, திருப்பதி என்று அது பரவிற்று. ஐம்பது வருஷம் ஆகுமுன்னே முதலாம் உலகயுத்தம் வந்தது. சத்துரு தேசத்தார் என்று அந்த ஜெர்மானியரை அரசாங்கம் காவலில் வைத்து, பிறகு நாடு கடத்திற்று. வேலையை அமெரிக்க லுத்தரன்கள் எடுத்துக்கொண்டார்கள். கப்பலேறியவர்களுக்குக் காட்ட ஒரு ஜூலை 3 இல்லை; ஆங்காங்கே சிறு சபைகளும் பள்ளிக்கூடங்களும் மாத்திரம். அவர்களைப்பற்றி ஒருவரும் மாநாடுகளில் உதாரணம் சொல்லுவதில்லை. நான் திருப்பதியில் அந்தச் சபையாருடைய ஆலயத்தைக் கடந்துபோகும்போதெல்லாம் அந்த மனுஷரை நினைக்கிறேன். நெல்லூரைவிட அவர்களே எனக்கு ஆறுதல்.

பவுலின் கடைசி நிருபத்தை இந்த நோக்கத்தோடு ஒருமுறை வாசித்துப்பாருங்கள். தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபம், நான்காம் அதிகாரம். அதுவும் ஒரு பதிவேடுதான். தேமா இவ்வுலகத்தின்மேல் ஆசைவைத்துத் தெசலோனிக்கேக்குப் போனான். கிரெஸ்கே கலாத்தியாவுக்கும் தீத்து தல்மாத்தியாவுக்கும் போனார்கள். தீகிக்குவைப் பவுலே எபேசுவுக்கு அனுப்பினான். துரோப்பீமு வியாதியாய் மிலேத்துவில் இருக்கிறான். எத்தனையோ வியாதியஸ்தரைக் குணமாக்கின அப்போஸ்தலன், தன் சொந்த உடன் ஊழியனை வியாதியோடு விட்டுவந்தேன் என்று மறைக்காமல் எழுதுகிறான்! லூக்கா மாத்திரம் கூட இருக்கிறான். வழக்கு விசாரணையில் துணைநிற்க ஒருவருமில்லை. அதற்குமேல் அவன் வெற்றி எதையும் கணக்குக் காட்டவில்லை. கர்த்தர் பக்கத்தில் நின்றார் என்கிறான். துரோவாவில் வைத்துவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் கொண்டுவரச் சொல்லுகிறான். மாரிக்காலத்துக்குமுன் வந்துசேரும்படி கேட்கிறான்.

இந்த அதிகாரத்தை வாசித்த நாளில், பழைய சித்தூர்ப் பதிவேட்டை வெளியே எடுத்தேன். பேருக்கு எதிரே ஞானஸ்நானத் தேதி, குடும்பம், விலாசம். கடைசியில் மாறிப்போன இடம் என்று ஒரு கட்டம். அதுவரைக்கும் பேர்களைச் சிவப்பு மையினால் அடித்து, மொத்தத்திலிருந்து கழித்துவந்தோம். அதற்குப்பின் அப்படிச் செய்யவில்லை. பவுலைப்போலவே எழுதினேன்: இவர் ஓசூரில், இவள் அம்பத்தூரில், இந்தக் குடும்பம் கிருஷ்ணராஜபுரத்தில். ஒருவர் தேமாவைப்போலப் போனார், அதையும் எழுதினேன். நானும் என் மனைவியும் இன்றும் சனிக்கிழமை இரவில் அந்தப் பேர்களை வாசித்து ஜெபிக்கிறோம். திருப்பதிக் கூட்டத்தார் இருபத்துமூன்று பேர். அவர்களிலும் இருவர் சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் போவார்கள்.

ஐம்பத்துமூன்று பேரில் பத்தொன்பது பேரைக்குறித்து எனக்கு ஒன்றும் தெரியாது. உங்களுடைய ஊரிலும் இப்படி ஒரு பதிவேடு ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கும். உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த போதகர் உயிரோடிருந்தால், பொங்கல் விடுமுறைக்குப் போகும்போது அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். காணிக்கை கொண்டுபோகாவிட்டாலும் பரவாயில்லை. போகக் கூடாதவர்கள் ஒரு கடிதமாவது எழுதுங்கள், தொலைபேசியிலாவது பேசுங்கள். இப்பொழுது எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்கள், எந்தச் சபையில் ஆராதிக்கிறீர்கள், பிள்ளைகளின் பேர் என்ன என்று சொல்லுங்கள். அவர் அதை எழுதிக்கொள்ளுவார்.