சிரித்தோம், சிந்தித்தோம்!

முகாமுக்குப் புறப்படுகையில் சிஸ்டர் பழைய சாக்குகளை மூட்டை கட்டினார்கள். "இந்தக் குப்பை எதற்கு?" என்று எங்களுக்குள் சிரித்தோம்.

கேளம்பாக்கம் உப்பளங்களைத் தாண்டி, கடற்கரைச் சவுக்குத் தோப்பில் கூடாரம் அடித்தோம். மாலையில் காற்று வலுத்தது. மணலில் அடித்த முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டன. கூடாரம் சரிய, சின்ன வகுப்புத் தங்கைகள் அழத் தொடங்கினர். இரவே வீடு திரும்ப நேருமோ என அஞ்சினோம்.

சிஸ்டரோ சாக்குகளில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, அதிலேயே கூடாரக் கயிற்றைப் பிணைத்து, முழ ஆழத்தில் புதைக்கச் சொன்னார்கள். அதன்பின் கூடாரம் அசையவில்லை!

உப்புக்காற்றில் தீப்பெட்டிகளும் நமுத்துவிட்டன. மெழுகில் தோய்த்து, பழைய மருந்துப் புட்டியில் அடைத்திருந்த 10 குச்சிகளே அடுப்பை மூட்டின. சூடான கஞ்சி குடித்ததும் தங்கைகள் சிரித்தனர்.

"தயாராக இரு" என்ற சாரணியர் கொள்கையின் பொருள் அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. தோழியரே, இப்போது நாங்கள் எந்தச் சாக்கையும் குப்பை என்பதில்லை!