வாளிக் கணக்கு

"ஏம்பா தம்பி, பெட்டியில நாலாயிரம் லிட்டருன்னு போட்டிருக்கான். இங்க பார்த்தா கொழந்த ஒண்ணுக்குப் போற மாதிரி வருது?"

பழவேற்காட்டில் நான் போட்டுக்கொடுத்த முதல் நண்டுத் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு அந்த வீட்டு அக்கா கேட்டது இது. என்னிடம் பதில் இல்லை. கொளத்தூரில் வண்ணமீன் தொட்டி பொருத்தும் வேலையில் ஒன்பது வருஷம் இருந்தவன் நான். அங்கே தொட்டிக்கு நேர் கீழே, அலமாரிக்குள்ளேயே, வழியும் தண்ணீரைப் பிடித்து வடிகட்டும் சம்ப் இருக்கும். மூன்றடி ஏற்றம், கை நீளத்துக்கு ஒரு குழாய். எந்தப் பம்ப்பைப் போட்டாலும் ஓடிவிடும். ஓடியதையெல்லாம் என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நண்டுக்குத் தொட்டி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கொடுக்கைக் கட்டி ஈரச் சாக்கில் போட்டால் களி நண்டு சில நாள் உயிரோடு கிடக்கும். சென்னைக்குப் போய் அங்கிருந்து விமானத்தில் சிங்கப்பூர் வரைக்கும் அப்படித்தான் போகிறது. தொட்டி வேண்டியது வாட்டர் நண்டுக்கு. ஓடு கழற்றிப் புது ஓடு போட்ட நண்டு பார்க்கப் பெரிதாக இருக்கும், உள்ளே சதைக்குப் பதில் தண்ணீர். வியாபாரி அதைக் கழித்துக் கட்டிய விலைக்குத்தான் எடுப்பார். மூன்று நான்கு வாரம் தீனி போட்டால் சதை பிடித்து நல்ல விலைக்குப் போகும். ஒன்றை ஒன்று தின்றுவிடும் என்பதால் தனித்தனிப் பெட்டியில் வைக்க வேண்டும்.

பக்கத்திலேயே ஏரி இருக்கும்போது தண்ணீரை ஏன் சுற்றவிட வேண்டும்? ஏரித் தண்ணீரை நம்ப முடியாது, அதனால்தான். கோடையில் முகத்துவாரம் மணல் மூடினால் ஏரி கடலைவிட உப்பேறிவிடும். ஐப்பசி கார்த்திகையில் ஆரணியாறும் காளங்கியும் செந்தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டினால் சில நாளில் உப்பு இறங்கிவிடும். ஆகவே நல்ல தண்ணீர் கிடைக்கும்போது பிடித்து வைத்து, அதையே வடிகட்டி ஓட்டுகிறோம். கழிவு மீனை நறுக்கித்தான் தீனி. அதில் சேரும் அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிர் சம்பில் கொட்டியிருக்கும் கிளிஞ்சலில் குடியிருக்கிறது. பம்ப் நின்றால் அவற்றுக்கும் மூச்சு முட்டும்.

அக்கா வீட்டுக் கொட்டகைக்குள் சம்புக்கு இடமில்லை. பின்பக்கம் பூவரச மரத்தடியில் நிழலாக இருந்த இடத்தில் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைப் புதைத்தோம். மழை தொடங்கி ஊற்று ஏறியதும், காலியாக இருந்த தொட்டி தோணி மாதிரி மேலே மிதந்து வந்துவிட்டது. பிறகு நாலடி உறை இறக்கி, அடியில் சிமெண்ட் பூசினோம். ஆயிரம் லிட்டர் கொள்ளும். ஓடும்போது 600 நிற்கும். கொட்டகையில் 500 லிட்டர் தொட்டிகள் நான்கு. சம்பிலிருந்து 12 மீட்டர் குழாய். சம்பின் நீர்மட்டத்திலிருந்து தொட்டி வாய் வரை 2.2 மீட்டர் ஏற்றம். தொட்டித் தண்ணீர் முழுவதும் மணிக்கு ஒருமுறை சுற்ற வேண்டும் என்று வைத்தால் 2000 லிட்டர் போதும். நாலாயிரம் வாங்கியிருக்கிறோமே, தாராளம் என்று நினைத்தேன்.

அக்காவின் கேள்விக்குப் பிறகு 15 லிட்டர் வாளியைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். நிறைய 75 நொடி ஆனது. மணிக்கு 720 லிட்டர்.

பெட்டியில் இரண்டு எண் இருக்கும். மணிக்கு 4000 லிட்டர், உயரம் 3 மீட்டர். நாலாயிரத்தை மூன்று மீட்டருக்கு ஏற்றும் என்றுதான் எல்லோரும் படிக்கிறோம். உண்மையில் இவை இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காத இரண்டு காரியங்கள். ஏற்றமே இல்லாமல் தள்ளினால் நாலாயிரம். மூன்று மீட்டர் ஏற்றினால் ஒரு சொட்டும் வராது. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு வரும் என்பது ஒரு வளைகோட்டுப் படத்தில் இருக்கும். பல பெட்டிகளில் அந்தப் படமே இருக்காது. இன்னொரு சங்கதி: சில பெட்டிகளில் அச்சிட்டிருப்பது 60 ஹெர்ட்ஸ் மின்சார ஊர்களின் கணக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். காந்தச் சுழலி வைத்த பம்ப் அந்த எண்ணுக்குத் தக்கபடிதான் சுற்றும் என்பதால் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைவு.

ஏற்றம் பாதித் திருடன்தான். மீதித் திருடனைக் காட்டியவர் அக்காவின் வீட்டுக்காரர். ஏரியில் வலை கட்டும் இடத்தைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' முறையில் வலை கட்டுகிறவர். தண்ணீர் எங்கே இழுக்கும், எங்கே தேங்கும் என்று ஏரியைப் பார்த்தே சொல்லிவிடுவார். என் முக்கால் இன்ச் குழாயைக் காலால் தட்டி, "வாய் இம்மாத்தூண்டு இருந்தா உள்ள தண்ணி எப்பிடி ஏறும்? மொகத்துவாரம் தூந்து போனா ஏரிக்கு ஆவுறதுதான் இதுக்கும்" என்றார்.

அன்றிரவு கணக்குப் போட்டேன். மணிக்கு 2000 லிட்டரை 12 மீட்டர் தூரம் முக்கால் இன்ச் குழாயில் தள்ளினால், உராய்வு மட்டும் இன்னும் இரண்டு மீட்டர் ஏற்றத்துக்குச் சமம். ஒரு இன்ச்சில் முக்கால் மீட்டர் மாதிரி. ஒன்றரை இன்ச்சில் பத்து சென்டிமீட்டர்கூட இல்லை. குழாயின் அகலம் பாதியானால் உராய்வு முப்பது மடங்கு ஏறுகிறது. மறுநாள் ஒன்றரை இன்ச்சுக்கு மாற்றினேன். எல்போக்களைக் கழற்றிவிட்டு நீள வளைவு பெண்டு போட்டேன். அதே பம்ப், வாளி 50 நொடியில் நிறைந்தது.

அதுவும் போதாது. மறுபடி கொளத்தூர் போய் எடுத்து வந்த பம்ப்பிலும் 4000 லிட்டர் என்றுதான் இருந்தது. ஆனால் உயரம் 5 மீட்டர். கடைக்காரர் பையன், "அதே லிட்டர்தானேண்ணே, எதுக்கு அதிக காசு?" என்றான். பழக்கம் விட்டுப் போகவில்லை, எனக்கும் ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது. பித்தளைச் சுழலி வைத்த பம்ப் மலிவாகக் கிடைத்தது. வேண்டாம் என்றேன். உப்புத் தண்ணீரில் கரையும் செம்பு நண்டுக்கும் இறாலுக்கும் விஷம். பிளாஸ்டிக் உடம்பு, செராமிக் தண்டு இருந்தால்தான் இங்கே வைக்கலாம்.

இவ்வளவும் பம்ப் ஓடும்போது உள்ள கணக்கு. ஓடாதபோது உள்ள கணக்கை ஒரு ராத்திரி கற்றுக்கொண்டேன்.

நான்கு தொட்டிகளிலும் குழாய் முனையைச் சத்தம் வரக்கூடாதென்று 20 சென்டிமீட்டர் முழுக விட்டிருந்தேன். கரண்ட் போனதும் தண்ணீர் அதே குழாய் வழியே பின்னால் இழுத்துக்கொண்டது. ஒவ்வொரு தொட்டியும் ஒரு சதுர மீட்டர். நான்கிலும் 20 சென்டிமீட்டர் இறங்கினால் 800 லிட்டர். சம்பில் இருந்த காலியிடம் 400. மீதி 400 லிட்டர் நல்ல தண்ணீர் பூவரசுக்குப் போனது. கதை அங்கே முடியவில்லை. கரண்ட் வந்ததும் பம்ப் தொட்டிகளை மறுபடி நிரப்பப் பார்த்தது. அதற்கு 800 வேண்டும், சம்பில் இருந்த ஆயிரத்தில் அது போக மிச்சம் 200தான். சேறு ஏறக்கூடாதென்று பம்ப்பைச் செங்கல் மேல் தூக்கி வைத்திருந்தேன். மட்டம் அதற்குக் கீழே போனதும் காற்றைக் குடித்துக்கொண்டே ஓடி, விடிவதற்குள் காயில் கருகிவிட்டது. ஏழு நண்டு செத்தது. அக்கா திட்டவில்லை. ஏழையும் தரையில் வரிசையாக வைத்துவிட்டு டீ போடப் போனார்.

ஒருவழி வால்வு போடலாமே என்பார்கள். ஏரித் தண்ணீரில் அதன் நாக்கில் கொட்டலசு ஒட்டும், கிளிஞ்சல் துணுக்கு சிக்கும். தேவைப்படும் அன்றைக்கு மூடாது. இப்போது ஒவ்வொரு குழாயிலும் நீர்மட்டத்துக்கு ஒரு விரல் கீழே சின்னத் துளை போட்டிருக்கிறேன். மட்டம் இறங்கியதும் அது காற்றை இழுத்துப் பின்னோட்டத்தை அறுத்துவிடும். வாரம் ஒருமுறை ஈர்க்குச்சியால் குத்திவிட வேண்டும். குழாயில் நிற்கும் தண்ணீர் 15 லிட்டர், தொட்டிகளிலிருந்து இறங்குவது நூற்றுச் சொச்சம். சம்பில் 400 லிட்டர் இடம் அதற்குத் தாராளம். சுவிட்சுப் பெட்டியை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் நின்ற அடையாளத்துக்கு மேலே ஏற்றி, கசிவு கண்டால் அறுக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கரும் வைத்தாயிற்று. உப்புத் தண்ணீரில் கை வைக்கிற வீட்டில் அது இல்லாமல் நான் வயர் இழுப்பதில்லை.

ஒரே பெரிய பம்ப்பா, சின்னதாக இரண்டா என்று கேட்டால், இரண்டு என்பேன். ஒன்று போனாலும் பாதித் தண்ணீராவது ஓடும். 30 டிகிரி சூட்டில் கடல் உப்புத் தண்ணீர் லிட்டருக்கு ஆறு மில்லிகிராம் சொச்சம் ஆக்சிஜன்தான் பிடித்துவைக்கும். கையிருப்பு அவ்வளவுதான். கரண்ட் நெடுநேரம் வராவிட்டால் அக்கா தொட்டியின் வடிகால் வால்வைத் திறந்து நண்டின் முதுகு தெரியும் அளவுக்குத் தண்ணீரை இறக்கிவிடுகிறார். செவுள் ஈரமாக இருந்தால் நண்டு காற்றிலேயே மூச்சு விட்டுக்கொள்ளும். இது அக்காவின் யோசனை.

இப்போது அங்கே அதே வாளி 27 நொடியில் நிறைகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா பிடித்துப் பார்ப்பார். முப்பதைத் தாண்டினால் எனக்குப் போன் வரும்.