மாற்றான் வெற்றிக்கு ஒரு கோபுரம்

காவற்கோபுரம் எதற்கு? வரும் பகையை முன்னரே கண்டு ஊரைக் காக்க! ஆற்றங்கரையில் எழுப்பினும், ஆழ்கடலோரம் எழுப்பினும் அதற்கு வேலை அதுவே. ஆனால், வந்த பகை வீட்டுக்குள்ளேயே அமர்ந்துவிட்ட பிறகு, அதன் வெற்றியைக் கொண்டாடக் கோபுரம் எழுப்பிய விந்தையும் நம் நாட்டில் உண்டு, தோழர்களே! அதைக் காணத்தான், வெள்ளாற்றங்கரைக் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தெற்கே, தஞ்சை மாவட்டத்து மல்லிப்பட்டினம் வரை சென்றேன்.

மனோரா! அறுகோண வடிவம், எட்டு அடுக்கு, ஏறத்தாழ 75 அடி உயரம். சுற்றிலும் மதில், அகழி. எதிரே பாக் நீரிணையின் அலையோசை. அழகுதான், மறுப்பதற்கில்லை. கண் களிக்கிறது, கருத்தோ கேட்கிறது: கட்டியவர் யார்? எதற்காகக் கட்டினார்?

கட்டியவர் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோசி. ஐரோப்பாவிலே நெப்போலியன் வீழ்ந்ததையும், ஆங்கிலேயர் வென்றதையும் போற்றக் கட்டினார். வாட்டர்லூ வெற்றிக்காக என்பாரும் உளர். அப்போர் நடந்தது 1815 சூன் 18-இல். கோபுரத்துக் கல்வெட்டு காட்டும் ஆண்டோ 1814! கேட்டதை அப்படியே நம்பாமல் கல்லைப் படித்துப் பார்ப்பதல்லவா பகுத்தறிவு?

எங்கோ நெப்போலியன் வீழ்ந்ததால் தஞ்சை உழவனுக்கு என்ன வாழ்வு வந்தது? 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே நாட்டாட்சியைக் கும்பெனி பெற்றுக்கொண்டது. மன்னருக்கு எஞ்சியது கோட்டையும் அதன் சுற்றுப்புறமும்தான். பறிகொடுத்தவர், பறித்தவன் வெற்றிக்குக் கல்லிலே வாழ்த்துப் பொறித்தார்!

சரபோசி அறிவிலியா? அல்லர். சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தவர், அச்சகம் நிறுவியவர், கண் மருத்துவக் குறிப்புகளைப் பதிவு செய்வித்தவர். அதனால்தான் நெஞ்சு வேகிறது. ஏடு நிறைந்த மாளிகையிலும் தன்மானத்துக்கு இடமில்லாது போகக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கண்ட பலன் என்ன? 1855-இல் அவர் மகன் சிவாசி ஆண் வாரிசின்றி மறைந்தார். நட்புக்குச் சாட்சியாக நின்ற கோபுரத்தைக் கும்பெனி எண்ணிப் பார்க்கவில்லை. எஞ்சியிருந்த அரசுரிமையையும் விழுங்கிற்று. பணிந்தவனுக்கு ஆதிக்கக்காரன் தரும் பரிசு என்றும் இதுதான்.

கும்பெனி போயிற்று, முடிமன்னரும் போயினர். மனோரா கட்டும் மனம் போயிற்றா? தன்னை இழிபிறவி என்று சொல்லும் புராணத்துக்குத் திருவிழா எடுப்பவன், தன் தாய்மொழியைத் தாழ்த்துவோனுக்கு மாலை சூட்டுபவன், சாதியின் பெயரால் தன்னை மிதிப்பவனுக்கே வெற்றிமுழக்கம் இடுபவன்: இவர்களெல்லாம் நாள்தோறும் உள்ளத்திலே மனோரா எழுப்புகிறார்களே!

2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை சிதைத்த போதும் கல் மனோரா நிற்கிறது. நிற்கட்டும், அதைக் காப்போம், பாடமாக! இடிக்க வேண்டியது மனத்திலே எழுந்த மனோராவை. அங்கே எழ வேண்டிய காவற்கோபுரம் ஒன்றுண்டு. அதற்குப் பெயர் தன்மானம்.