அல்கோன்குயின் காட்டில் மூன்று இரவுகள்

கனடாவில் இருக்கும் உறவினரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அங்கே வழக்கமாகக் காட்டப்படும் இடங்கள் சில உண்டு. நயாகரா நீர்வீழ்ச்சி, சி.என். கோபுரம், ரிச்மண்ட்ஹில் பிள்ளையார் கோயில், ஸ்காபரோவின் தமிழ்க் கடைகள். ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ மூன்று மணித்தியாலக் கார்ப் பயணத்தில் உள்ள அல்கோன்குயின் பூங்காவுக்கு நம்மவர்கள் போவதென்றால் அது இலையுதிர் காலத்தில்தான். மேப்பிள் இலைகள் சிவந்திருக்கும்போது வீதியோரத்தில் இறங்கிப் படம் எடுத்து, கட்டிக்கொண்டுபோன சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே திரும்பி விடுவார்கள். சென்ற வருடம் ஜூன் முதல் வாரத்தில் நானும் என் மச்சாளும் அவரது மகளும் ஒரு வழிகாட்டியோடு அந்தக் காட்டுக்குள் நடந்துபோய், கூடாரமடித்து, மூன்று இரவுகள் தங்கி மூஸ் பார்த்துவிட்டு வந்தோம்.

மூஸ் என்பது மான் குடும்பத்தில் உலகிலேயே பெரிய விலங்கு. எங்கள் காடுகளில் பெரிய மான் மரைதான். அந்த மரையும் மூஸின் பக்கத்தில் நின்றால் கன்றுபோலத் தெரியும். மூஸின் தோள் மட்டும் ஓர் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். வளர்ந்த ஆண் 500 கிலோவுக்கும் கூடிய நிறை வரும். நோர்வேயிலும் சுவீடனிலும் உள்ள நம்மவர்களுக்கு இதே விலங்கு எல்க் என்ற பெயரில் பழக்கம். மூஸ் என்ற சொல் வட அமெரிக்க ஆதிக்குடிகளின் மொழியிலிருந்து வந்தது. மரத்தின் பட்டையை உரித்துத் தின்பது என்பது அதன் பொருள் என்பார்கள்.

இந்தப் பயணத்தை மகள்தான் ஏற்பாடு செய்தாள். கேட்டவுடன் மச்சாள் சொன்ன பதில் இது: "கூடாரத்துக்கை படுக்கக் காசு கட்டிப் போறதோ? உதெல்லாம் நான் சும்மா செய்து முடிச்சிட்டன்."

அவர் சொன்னதில் பகிடி பாதிதான். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது மச்சாளுக்கு வயது 20. தென்மராட்சியில் சில மாதங்கள், பிறகு கிளாலிக் கடல்நீரேரியைத் தாண்டி வன்னி. மல்லாவிப் பக்கத்தில் காடு வெட்டிய இடமொன்றில் தரப்பாளுக்குக் கீழே இரண்டு மாரி இருந்தவர். அவருக்குக் காடு என்றால் பாம்பு, மலேரியா, ஈர விறகு. கனடாவுக்கு வந்தபின் ஒருநாளாவது துணிக்குக் கீழே படுத்ததில்லை. மகள் வாதாடவில்லை. "செப்ரெம்பரில் யூனிவர்சிற்றிக்கு வேற ஊருக்குப் போயிடுவன். அதுக்கு முதல் ஒருக்கா வாங்கோ அம்மா" என்று மட்டும் சொன்னாள். மச்சாள் சம்மதித்தார். வழிகாட்டி வருவதும், அவர் முதலுதவி படித்த ஒரு பெண் என்பதும், அல்கோன்குயினில் நச்சுப் பாம்பு இல்லை என்பதும் அதற்கு உதவின.

பூங்கா 1893 இல் அமைக்கப்பட்டது. பரப்பு 7,600 சதுர கிலோ மீற்றருக்கு மேல். யாழ்ப்பாண மாவட்டத்தைப்போல ஏழு மடங்கு என்றால் அளவு விளங்கும். அதற்குள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். 60 ஆம் இலக்க நெடுஞ்சாலை அதன் தென்பகுதியை 56 கிலோ மீற்றர் தூரம் ஊடறுத்துச் செல்கிறது. மற்ற இடங்களுக்கு நடந்தோ தோணியிலோதான் போக வேண்டும். பெயர் அந்த மண்ணின் ஆதிக்குடிகளான அல்கோன்குயின் மக்களுடையது. தாங்கள் இந்த நிலத்தை ஒப்பந்தம் எழுதி எவருக்கும் கொடுக்கவில்லை என்பது அவர்கள் வாதம். 2016 இல்தான் அரசுகளுடன் கொள்கையளவில் ஓர் உடன்பாடு கையெழுத்தானது. வழிகாட்டி இதை முதல்நாளே சொன்னார். சொல்லாவிட்டாலும் பயணம் நடந்திருக்கும். ஆனாலும் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

நாங்கள் ஆறு பேர். நாங்கள் மூவர், ஓய்வுபெற்ற இரு சகோதரிகள், வழிகாட்டி. ஒருவர் முதுகில் பன்னிரண்டு கிலோ அளவில் பொதி. காட்டுக்குள் தகரப் பேணியும் போத்தலும் கொண்டுபோகத் தடை. ஆகவே உணவெல்லாம் உலர்த்திப் பைகளில் அடைத்தவை. சுடுதண்ணீர் விட்டால் சோறாகும், சூப்பாகும். மச்சாள் ஒரு பை நிறையப் பொரிவிளாங்காய் செய்து கொண்டுவந்திருந்தார். நடைக்கு அதைப்போன்ற தின்பண்டம் இல்லை. நசியாது, உருகாது, ஒன்று தின்றால் ஒரு மணித்தியாலத்துக்குப் பசிக்காது. சகோதரிகள் இருவரும் பல்லுக்குப் பயந்து பயந்து கடித்தார்கள். மூன்றாம் நாள் செய்முறை எழுதி வாங்கினார்கள்.

ஹைலண்ட் என்ற நடைபாதையில் போய் புரோவோக்கிங் என்னும் ஏரிக்கரையில் தங்கினோம். தூரம் ஏழு கிலோ மீற்றருக்கும் குறைவு. வேரும் கல்லும் சேறுமான பாதை என்பதால் அரைநாளுக்கு மேல் சென்றது. ஜூன் மாதம் கறுப்பிலையான்களின் காலம். எள்ளளவு பூச்சி, கடித்த இடத்தில் இரத்தம் வரும். நுளம்பைப்போலவே கடிப்பது பெண்தான், முட்டைக்கு இரத்தம் வேண்டும் என்று வழிகாட்டி சொல்ல, "அங்கையும் எங்கட ஆக்களுக்குத்தான் கெட்ட பேர்" என்றார் மச்சாள். தலையை மூடும் வலையும், வெளிர்நிறத்தில் நீளக்கைச் சட்டையும் இல்லாமல் இந்தக் காலத்தில் அங்கே போகக்கூடாது.

பெண்கள் கேட்கத் தயங்கும் இரண்டு விடயங்களை இங்கே எழுதிவிடுகிறேன். கழிப்பிடம் என்பது தங்குமிடத்துக்குச் சற்றுத் தள்ளி மரங்களிடையே குழிக்கு மேல் வைத்த ஒரு மரப்பெட்டி. மூடி உண்டு, சுவரும் கூரையும் இல்லை. ஒருவர் போகும்போது விசில் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவார். கொளுவியில் விசில் இல்லையென்றால் மற்றவர் போகமாட்டார். இந்த ஒழுங்கு நன்றாக வேலை செய்தது. மாதவிடாய் நாட்களில் பாவித்தவற்றைக் காட்டில் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. இறுக மூடும் பையில் இட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இரவில் அந்தப் பையும், உணவும், பற்பசையும், சவர்க்காரமும் எல்லாம் ஒன்றாகக் கட்டப்பட்டு, கூடாரங்களுக்குத் தூரத்தில் ஓர் உயர்ந்த கிளையில் கயிற்றால் தொங்கவிடப்படும். கரடிக்கு மணம் போகாமலிருப்பதற்கல்ல, மணம் போனாலும் எட்டாமலிருப்பதற்கு.

முதல் இரவு மச்சாள் உறங்கவில்லை. கூடாரத்தின் வெளித்துணியை மூடவிடாமல், வலையை மட்டும் இழுத்துவிட்டுப் படுத்தார். தன் பொதியைத் திரும்பக் கட்டித் தலைமாட்டில் வைத்தார். சப்பாத்து இரண்டையும் வாசலில் வெளிப்பக்கம் பார்த்தபடி வைத்தார். மகளுடையதையும் அப்படியே திருப்பி வைத்தார். "ஏனம்மா?" என்று மகள் கேட்டாள். "இருட்டுக்கை ஓடுறதுக்கு லேசு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். மகள் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நடுச்சாமத்தில் ஏரியிலிருந்து யாரோ ஒப்பாரி வைப்பதுபோல நீண்ட குரல் எழுந்தது. மச்சாள் எழும்பி இருந்துவிட்டார். அது லூன் என்னும் நீர்ப்பறவை. கனடாவின் ஒரு டொலர் நாணயத்தில் 1987 முதல் இருப்பது அதன் உருவந்தான். நாணயத்தில் பார்த்துப் பழகிய பறவைதான், குரல் எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இரண்டாம் நாள் பொதியில்லாமல் நடந்தோம். மூஸை அன்று காணவில்லை, அது இருந்த அடையாளங்களையே பார்த்தோம். எருமையின் குளம்பைவிட நீண்டு கூரிய கால் தடம். பேரீச்சம் விதையைப் பெருப்பித்தாற்போன்ற எச்சம். மேப்பிள் மரங்களின் பட்டை ஆள் உயரத்தில் உரிந்திருந்தது. மாட்டைப்போல மூஸுக்கும் மேல்தாடையில் முன்பல் இல்லை. ஆகவே கீழ்ப்பல்லைக் கொடுத்து மேல்நோக்கி இழுத்து உரிக்கும். மாரியில் பட்டையும் சுள்ளியும் தின்று உயிர் பிழைக்கும் விலங்குக்கு வேனில் தொடங்கியதும் வேண்டியது உப்பு. மரக்கொப்புகளில் அது மிகக் குறைவு, நீர்த்தாவரங்களில் நிறைய உண்டு. ஆகவேதான் ஜூனில் மூஸைப் பார்க்க விரும்புவோர் குளக்கரையில் இருக்க வேண்டும். அந்தக் குளங்களிற் பலவற்றை உண்டாக்குவது பீவர்கள். ஓடைக்குக் குறுக்கே மரம் வெட்டிப் போட்டு அணைகட்டும் அந்தச் சிறு பிராணியின் உழைப்பில் இந்தப் பெரிய பிராணி சாப்பிடுகிறது.

மூன்றாம் நாள் விடியமுன் நாலரை மணிக்கு எழுப்பப்பட்டோம். பீவர் அணையொன்றின் பின்னே இருந்த குளத்துக்கு, காற்று எங்கள் முகத்தில் படும்படியாகச் சுற்றிப்போய் உட்கார்ந்தோம். மூஸுக்குக் கண் மந்தம், மூக்கும் காதும் மிகக் கூர்மை. ஒன்றரை மணித்தியாலம் ஒருவரும் பேசவில்லை. புகார் நீரின் மேல் படிந்து கிடந்தது. மகள்தான் முதலில் கண்டு என் கையைக் கிள்ளினாள்.

நான் பாறை என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு மூஸின் முதுகு. தலை முழுவதும் தண்ணீருக்குள். பிறகு தலை எழும்பியது. காதிலிருந்தும் நீண்ட மூக்கிலிருந்தும் நீர் கொட்டியது, வாயிரண்டு பக்கமும் தாமரைக்கொடி போன்ற தண்டுகள் தொங்கின. சவைக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. கொம்பில்லை. பெண். சற்று நேரத்தில் கரைப்பற்றைக்குள்ளிருந்து செம்மண் நிறத்தில் ஒரு கன்று வெளியே வந்தது. பிறந்து இரண்டு மூன்று கிழமைதான் இருக்கும். உடம்புக்குப் பொருந்தாத கால்கள். அது அசையும்போதெல்லாம் தாயின் ஒரு காது அந்தப் பக்கம் திரும்பியது. மற்றக் காது எங்கள் பக்கமே நின்றது. தலையைத் தண்ணீருக்குள் விடுவது, எடுப்பது, கன்றைப் பார்ப்பது, பிறகு விடுவது. அரை மணித்தியாலம் இப்படிச் சாப்பிட்டுவிட்டு, கரையேறி, ஒருமுறை உடம்பை உதறிவிட்டுப் போய்விட்டது.

படங்களில் காணும் அகன்ற கொம்பு ஆணுக்கு மட்டுமே. அதுவும் மாரியில் விழுந்து, வசந்தத்தில் புதிதாக முளைக்கும். கொம்போடு பார்க்க விரும்புவோர் செப்ரெம்பரில் போக வேண்டும். ஆனால் காட்டில் அஞ்ச வேண்டியது ஜூன் மாதத்துத் தாயைத்தான் என்றார் வழிகாட்டி. காதைப் பின்னே மடித்து, பிடரி மயிரைச் சிலிர்த்தால் விலகிவிட வேண்டும். கரடிக்கு முன்னால் ஓடக்கூடாது. மூஸ் என்றால் ஓடலாம், பெரிய மரமொன்றைக் குறுக்கே விட்டுக்கொள்ள வேண்டும். ஓநாய்க்கும் கரடிக்கும் கன்றைக் கொடாமல் காப்பது அந்தத் தாயின் முன்னங்கால்கள்தான்.

காலைத் தேநீர் குடிக்கும்போது மச்சாள், போன வருடத்துக் கன்று எங்கே என்று கேட்டார். வழிகாட்டி சொன்னார்: கன்று ஒரு வருடம் முழுவதும் தாயோடு இருக்கும். பனியில் தாய் மிதித்த வழியிலேயே நடக்கும். அடுத்த பிரசவம் நெருங்க, தாய் அதைத் துரத்திவிடும். அது திரும்பத் திரும்ப வரும், தாய் திரும்பத் திரும்பத் துரத்தும். மகள் இதைத் தமிழில் சொன்னபோது மச்சாள், "விளங்கினது, எனக்கு இங்கிலிஸ் தெரியும்" என்றார். பிறகு கோப்பையைக் கழுவ ஏரிப்பக்கம் போனார்.

மூஸுக்கு இப்போதுள்ள பெரிய தொல்லை உண்ணி. ஒரே விலங்கில் பல்லாயிரக்கணக்கில் ஏறி மாரி முழுவதும் இரத்தம் குடிக்கும். அரிப்புத் தாங்காமல் மரத்தில் தேய்த்துத் தேய்த்து மயிரிழந்து வசந்தத்தில் சாகும் மூஸ்கள் உண்டு. மாரி பிந்தித் தொடங்கி முந்தி முடிந்தால் உண்ணிக்கு வாய்ப்பு. பூமி சூடாவது என்று நாம் பத்திரிகையில் படிப்பது அந்தக் காட்டில் உரோமமில்லாத ஒரு முதுகாகத் தெரிகிறது.

அன்றிரவு மச்சாள் குறட்டை விட்டு உறங்கினார். சப்பாத்துகள் அன்றும் வெளியே பார்த்தபடிதான் இருந்தன.

நாலாம் நாள் நடந்து வெளியேறி, வானில் 60 ஆம் இலக்க வீதியால் திரும்பினோம். ஓரிடத்தில் பத்துப் பன்னிரண்டு கார்கள் நின்றன. மாரியில் வீதிப்பனிக்குத் தூவிய உப்பு கரைந்து ஓரக் கான்களில் தேங்கியிருக்கும், அதைக் குடிக்க மூஸ்கள் வரும். குடித்துக்கொண்டு நின்றது மெலிந்த, மயிர் உதிர்ந்த இளசு ஒன்று. ஒரு வயதுக்காரன் என்றார் வழிகாட்டி. துரத்தப்பட்டவை இந்த மாதங்களில் வழிதெரியாமல் அலைவதும், வாகனங்களில் அடிபடுவதும் அதிகமாம். ஒருவர் கைத்தொலைபேசியோடு அதன் கிட்டப் போய்க்கொண்டிருந்தார். மச்சாள் வான் கண்ணாடியை இறக்கி அவரை நல்ல இங்கிலிஸில் ஏசினார். அவர் திரும்பி வந்தார்.

போக விரும்புவோருக்கு: வீதியோரத்தில் பார்க்க மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் முடிவு வரை நல்லது, விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும். உள்ளே தங்குவதற்கு முற்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். புதியவர்கள் வழிகாட்டியோடு போவதே புத்தி. சப்பாத்தைப் புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டு போகாமல் ஒரு மாதம் முன்பே போட்டு நடந்து பழக்க வேண்டும். தரையில் விரிக்கும் மெத்தை தடிப்பானதாக இருக்கட்டும். இந்தக் கடைசி அறிவுரை மச்சாளுடையது. செப்ரெம்பரில் கொம்போடு பார்க்க வேண்டும் என்று அவர் இப்போது சகோதரிகள் இருவரோடும் பேசிக்கொண்டிருக்கிறார்.